யார் காத்திருப்பது?

கேள்வி: ஸ்ரீசிட்டி கிடங்கில் ஒரு ஜாவா புரோகிராம், சென்னை ஆபீசில் இன்னொன்று. பேசிக்கொள்ள ஆர்எம்ஐ போதாதா? (தடா வாசகர்)

பதில்: பேசும். நாளைக்கு ஒரு வாடிக்கையாளர் பைத்தானோடு வந்து நின்றால் வாயை மூடிக்கொள்ளும். 1997-இல் ஜேடிகே 1.1-உடன் வந்தது ஆர்எம்ஐ. சென்னையில் இருக்கும் ஆப்ஜெக்டைப் பக்கத்தில் இருப்பதுபோலவே அழைக்கலாம். ஆனால் தூரத்து அழைப்பு பாதி வழியில் அறுந்துபோகும் என்று 1994-லேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆட்கள் கட்டுரை எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவரான ஆன் வோல்ராத்தான் பிறகு ஆர்எம்ஐயை வடிவமைத்தார். ஒவ்வொரு ரிமோட் மெத்தடிலும் ‘ரிமோட்எக்ஸப்ஷன்’ எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்தத் தெளிவில் பிறந்தது. அந்த எக்ஸப்ஷனை வெறும் ‘கேட்ச்’ போட்டு விழுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் பிற மொழிகளோடும் பேசும் கோர்பா?

பதில்: 2018-இல் ஜாவா 11 அதை வீட்டைவிட்டே அனுப்பிவிட்டது. பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் நினைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ரெஸ்ட்டா, ஜிஆர்பிசியா?

பதில்: எதிரில் யார்? வெளியாள் என்றால் ரெஸ்ட், ஜேசன். உங்கள் ஊர் வழியாக ஓடும் லாரிகளின் இ-வே பில்லுக்கு அரசு தரும் ஏபிஐயும் ஜேசன்தான். எந்த மொழியில் எழுதியவரும் நுழையலாம். உங்கள் சொந்த சர்வர்களே தங்களுக்குள் நிமிடத்துக்கு ஆயிரம் முறை பேசுகின்றனவா? கூகுள் 2015-இல் வெளியிட்ட ஜிஆர்பிசி நல்லது.

கேள்வி: எதிர் சர்வர் படுத்துவிட்டால்?

பதில்: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்! நெல்லூர் போகும்போது சூலூர்பேட்டை டோல்கேட்டைக் கவனியுங்கள். உங்கள் பாஸ்டேக்கைப் படித்ததும், அது தடை செய்த டேக்கா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். கணக்கு பிறகுதான் வங்கிக்குப் போகிறது. எஸ்எம்எஸ் நிதானமாக வருகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் வங்கி பணத்தைக் கழிக்கும்வரை காத்திருந்தால் வரிசை தடா வரைக்கும் நிற்கும்.

உங்கள் கிடங்குக்கும் அதே வழி. ‘சரக்கு கிளம்பியது’ என்ற செய்தியை ஜேஎம்எஸ் க்யூவில் (ஜாவாவின் செய்தி வரிசையில்) போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். சென்னை சர்வர் எழுந்ததும் எடுத்துக்கொள்ளும். ஒரு கிடங்குக்குக் காஃப்கா வேண்டாம். அது லிங்க்ட்இன் தன் தகவல் வெள்ளத்தைச் சமாளிக்கக் கட்டியது.

க்யூவுக்கும் விலை உண்டு. ஒரே செய்தி இரண்டு முறை வரலாம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுங்கள். வாங்குகிறவர் அந்த எண்ணைப் பார்த்து இரண்டாவதை ஒதுக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லாரி இரண்டு பில்லோடு கிளம்பும். ‘ஸ்டாக் இருக்கிறதா?’ மாதிரி உடனே பதில் வேண்டிய கேள்விக்கு மட்டும் ரெஸ்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஜாவா 11-இன் ‘ஹெச்டிடிபிகிளையண்ட்’டுக்கு நீங்கள் டைம்அவுட் சொல்லாவிட்டால், பதில் வரும்வரை எல்லையில்லாமல் காத்திருக்கும். உங்கள் கோடில் அப்படிக் காத்திருக்கும் அழைப்புகளை இன்றைக்கே தேடி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டைம்அவுட் போடுங்கள்.