தடையியல்: திரைப்படலம், உரையுடன்

தடை எனப்படுவது படிப்பவர் கண்ணை வரியின் தலைக்கே திருப்பி அனுப்புவது. இது நூற்பா. இனி உரை.

‘படிப்பவர்’ என்றதனால் பார்ப்பவர் விலக்கப்பட்டார். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையின் கட்டைவிரலால் கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறவர் பெரும்பாலும் பார்ப்பவரே. எங்காவது ஒரு வரியில் விரல் நின்றால்தான் அவர் படிப்பவர் ஆகிறார். ‘திருப்பி அனுப்புவது’ என்றதனால், ரசித்து இரண்டாம் முறை படிப்பது தடையாகாது என்க. அங்கே கண் தானாகத் திரும்புகிறது, யாரும் அனுப்பவில்லை.

திரையில் தமிழ் படிக்கத் திணறுகிறவர் சோம்பேறி என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. வாக்கியத்தைப் பிரிப்பது, எது எதோடு சேரும் என்று காட்டுவது, சொல்ல வந்ததை முன்னால் வைப்பது ஆகிய வேலைகளை எழுதுகிறவர் செய்யாமல் விட்டால் அவை மறைந்துவிடுவதில்லை. படிப்பவர் தலையில் வந்து விடிகின்றன. எழுதுகிறவருக்கு ஒருமுறை மிச்சமாகும் உழைப்பை ஆயிரம் பேர் ஆயிரம் முறை உழைத்துத் தீர்க்கிறார்கள். யாருடைய வேலை யார் தலையில் விழுகிறது என்பதே இந்நூலின் பகுப்புக்கு அடிப்படை.

அவ்வழி, தடை மூன்று: புறத்தடை, அகப்புறத்தடை, அகத்தடை.

புறத்தடை எழுத்தாளர் அறியாமல் திரை செய்வது. பாதி வரியில் கீழேயிருந்து எழும்பும் விளம்பரம், ‘அறிவிப்புகள் அனுப்பலாமா?’ என்று வழிமறிக்கும் பெட்டி, படம் தாமதமாக வந்து படித்துக்கொண்டிருந்த பத்தியைக் கீழே தள்ளுவது, வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்து எல்லாம் இதில் அடங்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டியில் விதி இருக்கிறது. அதைப் படித்தவர்களும் சாம்பலையே பூசுகிறார்கள், அழகாம். வரி இடைவெளியையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆங்கில எழுத்துக்கு அளந்த இடைவெளியைத் தமிழுக்கு அப்படியே போட்டால், மேல்வரியின் ‘கூ’வும் ‘ழு’வும் கீழே நீட்டிய வால், அடுத்த வரியின் ‘கி’, ‘கீ’ தலையில் போய் முட்டும். இதெல்லாம் வடிவமைப்பாளர் ஒரு மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியது. ஆகவே மேற்கொண்டு விரிக்கவில்லை.

அகப்புறத்தடை என்பது பழி யாருடையது என்று தீர்க்க முடியாதது. இதன் வரலாறு நீண்டது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. காலும் ரகரமும் ஒரே கோடு. குறிலான எகரத்துக்கும் நெடிலான ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. எழுதியவருக்கு இடம் மிச்சம். படித்தவர் பாதி புலவராக இருந்தாக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு இரட்டைக் கொம்பு போட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் அச்சு நூல்களில் நிறுத்தக்குறிகளை நிலைக்கச் செய்தார். 1950களில் மர்ரே ராஜம் பதிப்புகள் பழைய செய்யுள்களைச் சந்தி பிரித்து, எளியவர் வாங்கக்கூடிய விலையில் கொடுத்தன. செய்யுளைப் பிரித்தால் ஓசை கெடும் என்று அப்போது முகம் சுளித்தவர்களும் பின்னர் அந்தப் பதிப்புகளைத் தேடி வாங்கினார்கள் என்பது என் ஊகம். 1978இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணையால், தும்பிக்கை வைத்த ‘லை’, ‘னை’ முதலியவை பாடப்புத்தகத்திலிருந்து விடைபெற்றன. இவர்கள் ஒவ்வொருவரும் படிப்பவர் தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கித் தம் தலையில் வைத்துக்கொண்டவர்கள்.

திரை வந்ததும் சுமை திரும்பி வந்தது. 1990களின் இறுதியில் ஒவ்வொரு தமிழ் இதழும் தனக்கென்று ஓர் எழுத்துருவோடு இணையத்துக்கு வந்தது. அதை இறக்கிப் பொருத்தாதவர் கண்ணுக்குத் தமிழ்க் கவிதை, தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. ஒருங்குறி அதை ஒழித்தது. ஆனால் அதே திரை கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியபோது வேறொன்று முளைத்தது. ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்ற சொல், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டால், சின்னத் திரையின் ஒரு வரியில் கொள்ளாது. உலாவி அதை எங்கே வெட்டுவது என்று தமிழாசிரியரைக் கேட்பதில்லை. ‘படித்துக்கொண்டிருந்த’ மேலே நிற்க, ‘வர்களுக்காகவும்’ கீழ்வரியில் அநாதையாகக் கிடக்கும். இதோடு வலது ஓரத்தையும் நேராக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால், வரிக்கு இரண்டே சொல் இரு கரையிலும் நிற்க நடுவே ஆறு ஓடும். குறுகிய திரையில் வலது ஓரம் கோணலாக இருப்பதே தமிழுக்கு நேர்.

இனி அகத்தடை. இந்நூல் எழுதப்பட்டதே இதற்காக. இது முழுக்க எழுதுகிறவர் செய்வது. வடிவமைப்பாளர் மேல் பழி போட வழியே இல்லை.

முதலாவது எச்சத்தடை. எடுத்துக்காட்டு: ‘கடந்த வாரம் பெய்த மழையில் இடிந்து விழுந்த பள்ளிச் சுற்றுச்சுவரைச் சீரமைக்கக் கோரி மனு அளித்த பெற்றோரைச் சந்தித்துப் பேசிய அதிகாரி உடனடி நடவடிக்கை எடுப்பதாக உறுதியளித்ததை அடுத்து அவர்கள் கலைந்து சென்றனர்.’ இதைச் செய்தியாளர் யாரும் தனியாக எழுதவில்லை; தமிழ்ச் செய்தி உலகமே கூடி எழுதியது. இதில் ‘கலைந்து சென்றனர்’ என்ற முற்றுக்கு முன்னால், ‘கடந்த’ நீங்கலாகப் பெயரெச்சம் நான்கு, வினையெச்சம் ஐந்து. ‘எடுப்பதாக’ என்பதை எதில் சேர்ப்பது என்று இலக்கணிகள் அடித்துக்கொள்ளட்டும். முற்று ஒன்றே. அது வரும்வரை யார் என்ன செய்தார் என்று தெரியாது. வந்தபிறகு, ‘அவர்கள்’ யார் என்று கண் மீண்டும் மழைக்குப் போகிறது. நச்சினார்க்கினியர் உரையெழுதும்போது எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் காண்பார் என்று பின்வந்தவர்கள் குறைபட்டதுண்டு. இந்த வாக்கியத்தைப் படிக்கும் ஒவ்வொருவரும் காலை ஆறு மணிக்கு, காபி ஆறுவதற்குள், அந்த வேலையைச் செய்தாக வேண்டியிருக்கிறது.

வாக்கியத்தைச் சுருக்கினால் போதும் என்று எல்லாரும் சொல்லும் மருந்து பாதி மருந்துதான். ‘காலையில் எழுந்து, பல் தேய்த்து, குளித்து, நாலு இட்லி சாப்பிட்டு, பஸ் பிடித்து, ஆபீஸ் போனான்’ என்பதிலும் ஐந்து வினையெச்சம் இருக்கிறது. எந்தக் குழந்தையும் திணறாது. காரணம், வினையெச்சம் நடந்த வரிசையிலேயே முன்னால் நடத்திக்கொண்டு போகிறது. பெயரெச்சம் அப்படியில்லை. ‘பெய்த’, ‘விழுந்த’, ‘அளித்த’ என்று ஒவ்வொன்றும், தான் தழுவும் பெயர் பின்னால் வருகிறது, அதுவரை இதைக் கையில் வைத்துக்கொண்டு நில் என்று சொல்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். நான்கை எப்படிப் பிடிப்பது? ஆகவே நீளம் குற்றமன்று. பெயரெச்சத்துக்குள் பெயரெச்சம் வைப்பதே குற்றம் என்று கொள்க. சுவர் இடிந்ததை ஒரு வாக்கியம் ஆக்கி, பெற்றோர் மனு கொடுத்ததை இன்னொன்று ஆக்கி, அதிகாரி சொன்னதை மூன்றாவதாக வைத்தால் வேலை முடிந்தது. 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய ஆதித்தனார், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் படிக்கும்படி பேச்சுச் சொற்களையும் சிறு வாக்கியங்களையும் கொண்டுவந்தது இந்தக் கணக்கில்தான்.

எளிமையை எண்ணால் அளக்கும் வாய்பாடும் உண்டு. ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948இல் ஆங்கிலத்துக்குச் செய்தது அதில் புகழ்பெற்றது. வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை உயிரொலி என்று அது எண்ணும். தமிழில் ‘வரவேண்டியிருந்திருக்கலாம்’ என்பது ஒரே சொல், உயிரொலி பத்து. அந்த வாய்பாட்டின்படி நம் பாட்டிமார் வாசலில் உட்கார்ந்து பேசியதெல்லாம் முனைவர் பட்ட ஆய்வேடு.

இரண்டாவது கைகாட்டித்தடை. ‘மேற்படி திட்டத்தின்கீழ் தகுதியுடைய பயனாளிகள் தங்களது விண்ணப்பங்களை உரிய ஆவணங்களுடன் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் குறித்த காலத்திற்குள் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பெயரெச்சமும் அடுக்கப்படவில்லை. ஆனால் ‘மேற்படி’, ‘உரிய’, ‘சம்பந்தப்பட்ட’, ‘குறித்த’ என்ற நான்கு கைகாட்டிகளும் நான்கு பக்கம் காட்டுகின்றன. எந்தப் பக்கமும் ஊர் இல்லை. எந்த ஆவணம், எந்த அலுவலகம், என்றைக்குள் என்று எழுதியவருக்குத் தெரியும். தெரிந்ததை எழுதாமல் இருக்க மெனக்கெட்டிருக்கிறார். ‘ரேஷன் அட்டை நகல், வங்கிப் புத்தக நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு 30ஆம் தேதிக்குள் தாலுகா ஆபீஸுக்கு வாருங்கள்’ என்று எழுதினால் ஒரு விபரீதம் நேரும்: மக்கள் சரியான நாளில் சரியான இடத்துக்கு வந்துவிடுவார்கள். அஞ்சியே தவிர்க்கிறார்கள் போலும்.

மூன்றாவது பாயிரத்தடை. ரசம் வைக்கத் தேடுகிறார் ஒருவர்; அடுப்பில் புளித்தண்ணீர் இருக்கிறது. ‘மனித வாழ்வில் உணவின் இடம் இன்றியமையாதது’ என்று தொடங்குகிறது குறிப்பு. அடுத்த பத்தி மிளகின் தாயகம். அதற்கடுத்து ரசத்தின் மருத்துவ குணம். விரலால் தள்ளித் தள்ளி, மூன்று விளம்பரங்களைக் கடந்து, எவ்வளவு சீரகம் என்று வந்து சேர்வதற்குள் ரசம் கொதித்து வழிந்துவிடும். ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கட்டியதும் இறக்க வேண்டும் என்பது அந்தக் குறிப்பின் கடைசி வரி. இதற்கு மரபைத் துணைக்கழைப்பார் உளர்: நன்னூலே பாயிரம் இல்லாதது நூல் அன்று என்கிறதே என்பர். அவர் நன்னூலைத் தலைப்போடு நிறுத்திவிட்டவர். பவணந்தி கேட்கும் பாயிரம், இது எதைப் பற்றியது, யாருக்கானது, படித்தால் என்ன கிடைக்கும் என்பவற்றையும் சொல்லியாக வேண்டியது. ‘நாலு பேருக்கு மிளகு ரசம், இருபது நிமிடம்’ என்பது பழுதற்ற பாயிரம். ‘இந்த நடிகர் இப்படிச் செய்வார் என்று யாரும் நினைக்கவில்லை’ வகைத் தலைப்பும் இதன் கிளையே. அதைப் பற்றி இதற்குமேல் எழுதினால் எனக்குத்தான் இரத்தக் கொதிப்பு.

நான்காவது துணுக்குத்தடை. முன்சொன்ன மூன்றுக்கும் மருந்து என்று எண்ணி உட்கொண்டதால் வந்த நோய். ஒரு வாக்கியம் ஒரு பத்தி.

அடுத்த பத்தியும் அப்படியே.

இரண்டு வரிக்கு ஒரு துணைத்தலைப்பு, மூன்றாவது வரி தடித்த எழுத்து, நடுநடுவே நட்சத்திரப் புள்ளி. கண் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் ‘ஆகையால்’, ‘இருந்தும்’, ‘அதனால்தான்’ என்ற சொற்களையெல்லாம் இடைவெளி விழுங்கிவிட்டது. எது காரணம், எது விளைவு என்பதைப் படிப்பவர்தான் கோத்துக்கொள்ள வேண்டும். எனவே இதுவும் தடை.

இவை எவற்றிலும் அடங்காத ஒன்றை ஒழிபாகச் சொல்வோம். கைபேசியிடம் வாயால் சொல்லித் தட்டச்சு செய்யும் வசதி வந்தபின், காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இல்லாத செய்திகள் குடும்பங்களுக்குள் பெருகியிருக்கின்றன. ‘மாப்பிள்ளை வீட்டார் வரலை சொல்லிட்டாங்க அண்ணி நீங்க கிளம்புங்க.’ வரவில்லை என்று சொன்னது மாப்பிள்ளை வீட்டாரா, அண்ணியா? அண்ணி சொன்னவரா, சொல்லப்படுபவரா? ‘கிளம்புங்க’ என்றது மண்டபத்துக்கா, வீட்டுக்கா? ஓலையில் இருந்திருந்தால் மூன்று உரையாசிரியர்கள் மூன்று பொருள் எழுதி, நான்காமவர் மூவரையும் மறுத்திருப்பார். இந்த வகைக்கு மட்டும் நூலாசிரியருக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம், கேட்டார்கள். சம்பந்தி வீட்டார் மண்டபத்துக்கு வந்து அரைமணி ஆகிறதாம். வரவில்லை என்று சொன்னது சமையல்காரர்.