கணக்கில் ஏறாத ஓட்டம்

கொரியாவின் ஷின் கும்டானையும் மற்ற கொரிய வீராங்கனைகளையும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே: ஆசியாவின் வேகமான பெண்கள் என்றால் பி.டி. உஷா, லிடியா டி வேகா என்றுதான் சொல்கிறார்கள். கொரியாவில் அப்படி யாருமே இல்லையா? (மதுரை)

ப: இருந்தார். உஷா பிறப்பதற்கு முன்பே உலக சாதனையைக் கையில் வைத்திருந்தார். வட கொரியாவின் ஷின் கும்டான், 1962 அக்டோபரில் பியோங்யாங்கில் 400 மீட்டரை 51.9 விநாடியில் ஓடினார். அதுவரை ஏட்டில் இருந்தது சோவியத் வீராங்கனை மரியா இட்கினாவின் 53.4. ஒரே தாவலில் ஒன்றரை விநாடி குறைந்தது. 52 விநாடிக்குள் ஓடிய முதல் பெண் என்று அனைத்துலகத் தடகளச் சம்மேளனமே அவரை ஏற்றுக்கொண்டது. அந்தச் சாதனை அதிகாரபூர்வமாக முறியடிக்கப்பட்டது 1969இல்தான்.

கே: 400 மீட்டரை எப்படிக் குறுந்தூர ஓட்டம் என்கிறார்கள்? ஒரு முழுச் சுற்று ஆயிற்றே! (தஞ்சாவூர்)

ப: ஓடிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். முதல் 200 மீட்டர் இனிக்கும். 300ஐத் தாண்டியதும் தொடை கல்லாகும், கை மேலே எழும்ப மறுக்கும். உடம்பு கிட்டத்தட்ட முழு வேகத்தைத் தாங்கக்கூடிய எல்லை அது. அதனால்தான் கடைசி வரை அவரவர் தடத்திலேயே ஓடவிடுகிறார்கள். ஷின் இதையும் ஓடினார், 200ஐயும் ஓடினார், 800ஐயும் ஓடினார். மூன்றிலும் உச்சத்தில் இருப்பது எத்தனை அபூர்வம் என்பது தடகளம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

கே: அவருடைய பின்னணி? (ஈரோடு)

ப: 1938இல் கொரியாவின் கிழக்குக் கரையோரம், தென் ஹம்கியோங் பகுதியில் பிறந்தவர். தொழிற்சாலையில் லேத் ஓட்டிய தொழிலாளி.

கே: உலக சாதனை வைத்திருந்தவர் ஒலிம்பிக்கில் ஏன் ஓடவில்லை? (திருநெல்வேலி)

ப: இதற்கு ஜகார்த்தாவுக்குப் போக வேண்டும். 1962இல் அங்கே நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு இஸ்ரேல், தைவான் வீரர்களை இந்தோனேசியா வரவிடவில்லை. இவர்கள் இல்லாமல் ஆசியப் போட்டி என்று எப்படிச் சொல்வது என்று முதலில் எதிர்ப்புக் குரல் கொடுத்தவர் ஒரு இந்தியர்: ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர் குரு தத் சோந்தி. அந்தக் கோபத்தில் ஜகார்த்தாவில் இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. அந்தப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டத்தில் மைதானமே கூச்சலிட, நம் அணி தென் கொரியாவை 2-1 என்று வென்றது இந்தச் சூழலில்தான்.

ஒலிம்பிக் கமிட்டி இந்தோனேசியாவை இடைநீக்கம் செய்தது. அதிபர் சுகர்னோ சளைக்கவில்லை. புதிதாக எழுந்துவரும் நாடுகளுக்கென்று ‘கனெஃபோ’ என்ற தனி விளையாட்டு விழாவையே 1963 நவம்பரில் ஜகார்த்தாவில் கூட்டிவிட்டார். அதில் கலந்துகொள்பவர்களுக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை என்று தடகளச் சம்மேளனமும் நீச்சல் சம்மேளனமும் அறிவித்தன. சோவியத் யூனியன் விவரமாக இரண்டாம் வரிசை வீரர்களை அனுப்பித் தன் ஒலிம்பிக் அணியைக் காப்பாற்றிக்கொண்டது. வட கொரியாவோ ஷின் கும்டானை அனுப்பியது.

அவர் அங்கே 200, 400, 800 மீட்டர் மூன்றிலும் தங்கம் வென்றார். 400 மீட்டரில் 51.4 விநாடி. 800 மீட்டரில் 1 நிமிடம் 59.1 விநாடி. இரண்டும் அன்றைய உலக சாதனையைவிடச் சிறந்தவை. இரண்டையும் சம்மேளனம் ஏற்கவில்லை. ஓடியது ஒரு பெண். சண்டை போட்டவர்கள் சுகர்னோவும் கமிட்டிக்காரர்களும். தண்டனை மட்டும் ஓடியவருக்கு.

கே: 1964 டோக்கியோவில் ஓடியிருந்தால் ஜெயித்திருப்பாரா? (கோயம்புத்தூர்)

ப: பெண்கள் 400 மீட்டர் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதே அந்த டோக்கியோவில்தான். தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பர்ட்டின் நேரம் 52.0. ஷின் ஜகார்த்தாவில் ஓடிய 51.4ஐ அதன் பக்கத்தில் வையுங்கள். கோட்டருகே சுமார் நாலரை மீட்டர் வித்தியாசம். 800 மீட்டரில் இங்கிலாந்தின் ஆன் பேக்கர் 2 நிமிடம் 1.1 விநாடியில் வென்று அதை உலக சாதனையாகவும் பதிவு செய்தார். ஷினோ அதற்கு முந்தைய ஆண்டே இரண்டு விநாடி குறைவாக ஓடிவிட்டார். டோக்கியோவுக்கு ஒரு மாதம் முன்னால், 1964 செப்டம்பரில், பியோங்யாங்கில் 1 நிமிடம் 58 விநாடி என்று அதையும் குறைத்தார். ஆனாலும் இரண்டு நிமிடத்துக்குள் 800 மீட்டர் ஓடிய முதல் பெண் என்று ஏடு சொல்வது மேற்கு ஜெர்மனியின் ஹில்டகார்ட் ஃபால்க்கை. ஆண்டு 1971.

ஒலிம்பிக் இறுதிப் போட்டியின் அழுத்தம் வேறு, மற்ற ஓட்டங்கள் வேறு என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்றாவது அவர் கழுத்தில் விழுந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

கே: அப்படியானால் கத்பர்ட், பேக்கர் வாங்கிய தங்கம் பித்தளையா? (சேலம்)

ப: இல்லவே இல்லை. எதிரே யார் வந்தார்களோ அவர்களை வென்றார்கள். 1956 மெல்போர்னில் மூன்று தங்கம் வாங்கிவிட்டு, பிறகு ஓட்டத்தையே விட்டுவிட்டுத் திரும்பி வந்து ஒரு புதிய தூரத்தில் ஜெயித்தவர் கத்பர்ட். அவர் பங்குக்கு ஒரு குறையும் இல்லை. ஷினை வரவிடாமல் செய்தது அவர்கள் அல்ல.

கே: டோக்கியோ வரைக்கும் போய்த் திரும்பினார் என்றும் அங்கே தந்தையைச் சந்தித்தார் என்றும் படித்தேன். உண்மையா? (யாழ்ப்பாணம்)

ப: உண்மை. கொரியப் போர்க்காலத்தில் தந்தை ஷின் முன்ஜூன் தெற்கே போய்விட்டார். மகளும் மற்றவர்களும் வடக்கே. நடுவில் எல்லைக்கோடு விழுந்தது. கடிதம்கூடப் போக வழியில்லை. ஆண்டுகள் கழித்துச் செய்திகளில் அடிபட்ட உலக சாதனை வீராங்கனை தன் மகள்தான் என்று அந்த மனிதருக்குத் தெரிந்தது. 1964 அக்டோபரில் வட கொரிய அணி டோக்கியோ வந்து இறங்கியது. கனெஃபோவில் ஓடியவர்களுக்கு அனுமதி இல்லை என்பதில் சம்மேளனம் அசையவில்லை. வட கொரியா முழு அணியையும் திருப்பி அழைத்தது. இந்தோனேசியாவும் அப்படியே கிளம்பியது.

தொடக்க விழாவுக்கு முந்தைய நாள், அக்டோபர் 9. ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் மகள், சியோலிலிருந்து வந்து சேர்ந்த தந்தை. சில நிமிடங்கள் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிரியும்போது சிறுமியாக இருந்தவளுக்கு அப்போது 26 வயது. அன்று மாலையே அணி உவேனோ ரயில் நிலையத்திலிருந்து நீகதா துறைமுகத்துக்கு ரயில் ஏறிவிட்டது. தென் கொரியாவில் இதைப் பற்றிப் பாட்டே வந்தது. ஊரே அழுதது, ஏனென்றால் அங்கே எத்தனையோ குடும்பங்களுக்கு இப்படி ஒருவர் அக்கரையில் இருந்தார்.

இருவரும் மறுபடி சந்திக்கவே இல்லை. தந்தை 1983இல் காலமானார். பிரிந்த குடும்பங்களை இரு கொரியாக்களும் முதன்முதலில் சந்திக்க விட்டது 1985இல். ஓட்டத்தில் வென்ற விநாடிகளையெல்லாம் ஒன்று சேர்த்தாலும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாகாது என்று எனக்குத் தோன்றும். புகலிடம் தேடிப் போனவர்களுக்காக எல்லைக்கு இருபுறமும் காத்திருக்கும் வேதனை உங்கள் ஊருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கே: அவர் பெண்ணே இல்லை என்று ஒரு புத்தகத்தில் படித்தேனே? (சென்னை)

ப: அந்தப் புரளி மேற்கத்திய எழுத்துகளில் பல காலம் சுற்றியது. போரில் தொலைந்த தன் மகன் என்று தெற்கே ஒரு தந்தை ஷினை அடையாளம் கண்டார் என்பது அதன் உச்சம். டோக்கியோவில் கண்ணீரோடு வந்த தந்தை தேடி வந்தது மகளை. தடகளத்தில் பாலினச் சோதனை தொடங்கியது 1966இல். அதற்கு முன்பே உச்சத்தைத் தொட்டு முடித்த ஒருவரை, சோதனைக்கு வரவில்லை என்று சந்தேகிப்பது அநியாயம். வேகமாக ஓடிய பெண்ணைப் பார்த்தவுடன் முதலில் அவள் உடம்பைக் கேள்வி கேட்கும் பழக்கம் இன்றும் போகவில்லை. கோபமாக இருக்கிறது.

கே: பிறகு என்ன ஆனார்? (புதுச்சேரி)

ப: ‘மக்கள் விளையாட்டு வீரர்’ என்ற பட்டம் பெற்றார். ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சியாளரானார். ஒலிம்பிக் ஓடுதளத்தில் கால் வைக்காமலே.

கே: 1986 சியோல் ஆசியப் போட்டியில் நம் ஷைனி ஆப்ரகாமை வென்ற கொரியப் பெண் யார்? (நாகர்கோவில்)

ப: கோட்டை முதலில் தொட்டவர் ஷைனிதான். தன் தடத்தை விட்டு முன்கூட்டியே உள்ளே வந்ததற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். 800 மீட்டர் தங்கம் தென் கொரியாவின் லிம் சுன்ஏவுக்குப் போனது. அவர் அப்போது பள்ளி மாணவி. அதே போட்டியில் 1500, 3000 மீட்டரிலும் வென்றவர் என்பதால் அதிர்ஷ்டக்காரி என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு ஆண்டு கழித்து சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில், 1936 மாரத்தான் வீரர் சோன் கி-சுங்கின் கையிலிருந்து தீபத்தை வாங்கி அரங்கைச் சுற்றி ஓடியதும் இவரே.

கே: நூறு மீட்டரில் தென் கொரியா எப்படி? (வேலூர்)

ப: லீ யங்சுக் 1994இல் 11.49 விநாடி ஓடினார். முப்பது ஆண்டு தாண்டியும் தேசிய சாதனை அதுவே. அந்தச் சாதனைக்குப் பின்னால் பிறந்தவர்கள் ஓடி, ஓய்வும் பெற்றுவிட்டார்கள். வில்வித்தையிலும் துப்பாக்கி சுடுதலிலும் உலகை அசத்தும் நாட்டில் ஓடுதளம் ஆள் இல்லாமல் கிடப்பது வருத்தம். லீயின் பெயர் அங்கேயே பலருக்குத் தெரியாது என்றால் அதைவிட வருத்தம்.

கே: ஷின் ஜகார்த்தாவில் ஓடிய நேரங்களை இப்போதாவது ஏற்க முடியாதா? (திருச்சி)

ப: சாதனையாக ஏற்பது நடக்காது, விதி அப்படி. கையால் அழுத்திய ஸ்டாப் வாட்ச், சாம்பல் தரை ஓடுதளம் என்பதெல்லாம் அன்று எல்லோருக்கும் பொது, அதில் குறையில்லை. கனெஃபோவில் நடந்தது என்பது ஒன்றே தடை. அதனால் நான் கேட்பது சிறியது. உலக சாதனை வரிசையில் 51.9க்குக் கீழே, ஃபால்க்கின் 1971க்கு மேலே, ‘ஜகார்த்தா, 1963, ஷின் கும்டான், 51.4 மற்றும் 1:59.1, அங்கீகரிக்கப்படவில்லை’ என்று ஒரே ஒரு வரி.