உன்ன விட்டா ஆளே கெடையாது

என்னலே பேராண்டி, போன்ல பப்ஜி ஆடுத, சரி. ஆடி முடிச்சா எந்திரிச்சுப் போய்ச் சோறு திங்க வேண்டியதுதான? அதுக்கப்புறமும் நாலு பேரு கூடி எதுக்குச் சண்ட? “முன்ன மாதிரி ஜாலி இல்ல”ங்கான் ஒருத்தன். “ஜாலி வேணும்னா லூடோ ஆடு, இது சீரியஸ் கேம்”ங்கான் இன்னொருத்தன். திண்ணையில கெடந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தாத்தனுக்குக் காது மந்தம்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டா நான் என்ன செய்ய?

நீங்க பேசுததுல எனக்கு வெளங்குனது இதுதான். உன்ன விட மோசமா ஆடுதவன் எல்லாம் பாட். உன்ன விட நல்லா ஆடுதவன் எல்லாம் வெறி புடிச்சவன், இல்லன்னா ஹேக்கர். அப்போ இந்த ஒலகத்துல ஒழுங்கா ஆடுத மனுசன் நீ ஒருத்தன்தானா?

விமானத்துல இருந்து 100 பேரு குதிக்கீய. தனியா ஆடுனா, ஒருத்தன் ஜெயிக்க 99 பேரு சாவணும். ஆட்டமே அதுதான். அந்த 99-ல நீ இருக்கக் கூடாதுன்னு ஆசப்படுத, தப்பில்ல. எல்லாவனும் அதையே ஆசப்பட்டா பொணமா விழ ஆளு வேணாமா? அதுக்குத்தாம்ல ஆட்டக்காரன் கம்ப்யூட்டரே ஆட்டுத, கூலி இல்லாத ஆளு வச்சிருக்கான், அந்த பாட். புதுசா வாரவன் நாலையாவது சுட்டுப் போட்டாத்தான நாளைக்கும் வருவான்? “லாபி முழுக்க பாட்”னு மொனங்குத. அதுகளத் தூக்கிட்டா அந்த எடத்துக்கு யாரு வருவான்னு யோசிச்சியா?

ரியலிசம் வேணுமாம். ஏம்ல, முதுகுல தொங்குத வாணலி குண்டத் தடுக்கி. வயித்துல சுட்டா எனர்ஜி டிரிங்க் குடிச்சிட்டு எந்திரிச்சு ஓடுத. இதுல அந்தத் துப்பாக்கி உதறுதது நெசமா இல்லன்னு உனக்குக் கொற!

கேமரா சண்டதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு ஊரே சிரிக்கும். உங்க ஆட்டத்துல கூடம் நெசமாவே கோணல்தான். கேமரா உன் முதுகுக்குப் பின்னால, ஒசரத்துல நிக்கி. செவுத்துக்குப் பின்னால பம்மிக்கிட்டு, தலைய நீட்டாமலே எதுக்க வாரவனப் பாத்துருத. அவனால உன்னப் பாக்க முடியாது. கண்ணு பாக்குதத மட்டும் காட்டுத நேரான ஆட்டமும் அதுலயே இருக்கு, எஃப்பிபின்னு. அங்க போங்கலேன்னா எத்தன பேரு போறீய? கோணல்ல செத்தா அநியாயம், கோணல்ல நின்னு கொன்னா தெறம.

அப்பொறம் இந்த அதிர்ஷ்டம். நல்ல துப்பாக்கி எவன் கைல கெடைக்கும்னு தெரியாது, வட்டம் எந்தப் பக்கம் சுருங்கும்னு தெரியாது. “இதெல்லாம் தெறமையா?”னு கேக்க. இந்த பப்ஜியக் கட்டுன பிரெண்டன் கிரீன் அயர்லாந்துக்காரரு. 2000-ல வந்த ‘பேட்டில் ராயல்’ங்கிற ஜப்பான் படத்துல இருந்துதான் அவருக்குப் பொறி தட்டிச்சு. அந்தப் படத்துலயும் ஆளுக்கு ஒரு பையத்தான் குடுப்பான், உள்ள என்ன இருக்குன்னு தொறந்தாத்தான் தெரியும். அதிர்ஷ்டத்த எடுத்துட்டா தெறமசாலிதான் தெனமும் ஜெயிப்பான். என்னைக்காவது ஒரு நாள் ஜெயிச்சு உனக்குச் சிக்கன் டின்னர் கெடைக்குதே, எதால கெடைக்குன்னு நெனச்ச?

கேசுவலா ஆடுதவனுக்கு ஆட்டத்துக்குள்ள சட்ட எதுக்குல? அதுவும் காசு குடுத்து? ஒளிஞ்சு சுடுத ஆட்டத்துல மினுமினுன்னு உடுப்பு, பனிக்கட்டி ஒட்டுன துப்பாக்கி. புல்லுக்குள்ள படுத்துக் கெடக்கவன் கல்யாண மாப்ள கணக்கா மின்னுதான். 2021-ல பப்ஜி, பிஜிஎம்ஐன்னு பேர மாத்திக்கிட்டு வந்தப்போ, 18 வயசு ஆவாத பயலுவ ஒரு நாளைக்கு 7000 ரூவாய்க்கு மேல செலவழிக்கக் கூடாதுன்னு வரம்பு வச்சானாம். 7000 ரூவா! வரம்பே இம்புட்டுன்னா, வரம்பு இல்லாதவன் வீட்டுல அடுப்பு எரியுமா?

2020 செப்டம்பர்ல கவர்மெண்டு பப்ஜியத் தட பண்ணிச்சே, அப்போ நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தது எனக்கு மறக்கல. 2022-ல பிஜிஎம்ஐயும் ஆப் கடைய விட்டுப் போச்சு, 2023-லதான் திரும்ப வந்துச்சு. அந்த நாள்ல ஒருத்தன் வாயிலயாவது கேமராக் கோணம், துப்பாக்கி உதறல்னு பேச்சு வந்துச்சா? எப்பிடியாச்சும் வந்தாப் போதும்னு கெடந்தீய. இப்போ கைல கெடைச்சதும் குத்தம் பாக்க நேரம் கெடைச்சுட்டு.

சரி சரி, மொறைக்காத. ராத்திரி நாலு பேருல ஒருத்தன் கொறஞ்சா என்னக் கூப்புடு, நானும் குதிக்கேன். விழுந்து கெடந்தா ரிவைவ் குடுக்கணும், சொல்லிப்புட்டேன். தாத்தன் பாட் மாதிரி ஆடுதான்னு எவனாவது மைக்குல சொன்னீய, வைஃபை வயரு என் கட்டுலுக்கு அடியிலதாம்ல போவுது.