எரிபொருளேற்றவியல்: ஒரு பன்னோக்குப் பார்வை

உலகம் தோன்றிய நாள் முதலாக, உயிர்களும் அவற்றுக்குப் பின்வந்த வண்டிகளும் போகிற வழியில் நின்று எதையாவது உள்ளே ஊற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. இத்துணைப் பெரிய நிகழ்வு தமிழ் ஆய்வுலகின் கவனத்தை இதுவரை பெறவில்லை. (இந்த வாக்கியம் இல்லாத ஆய்வேட்டை யாரும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை என்பதால் சேர்த்திருக்கிறேன்.) அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை, பெட்ரோல் பங்க் முதல் வானம் வரை. இடையில் ஒரு பந்தி. கருதுகோள் பின்வருமாறு: ஊற்றுகிறவருக்கும் ஊற்றிக்கொள்கிறவருக்கும் நடுவே அளவைப் பற்றிய நம்பிக்கை என்றைக்கும் இருந்ததில்லை.

இயல் 1: தோற்றம்

இத்துறையின் மூல நிகழ்வு 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில் நடந்தது. கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியைக் கிளப்பி, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பயணம். நடுவழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடைக்குள் நுழைந்து, கறை நீக்கப் பயன்படும் லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு கிளம்பினார். ஆக, உலகின் முதல் பெட்ரோல் பங்க் ஒரு மெடிக்கல் ஷாப். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார் என்றும் சொல்வார்கள். தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்ட பெண்ணை எந்தக் குழாய் தடுத்திருக்கிறது?

இத்தனையும் பதிவாகியிருக்க, இன்றியமையாத ஒன்று மட்டும் பதிவாகவில்லை. பெர்த்தா அம்மையார் கடைக்காரரிடம் ரவுண்டான தொகைக்குக் கேட்டாரா, சில்லறையோடு சேர்த்துக் கேட்டாரா? இத்துறைக்கு ஈடுகட்ட முடியாத இழப்பு இது. காரணம் அடுத்த இயலில் விளங்கும்.

இயல் 2: நூற்றுப்பத்துக் கோட்பாடு

தமிழ்நாட்டுப் பெட்ரோல் பங்க்குகளில் இன்று வழக்கிலுள்ள சமயங்கள் நான்கு. முதலாவது நூற்றார், "நூறு ரூபாய்க்குப் போடுப்பா" என்பதோடு முடிந்துவிடும் எளிய, பழைய வழிபாடு. இரண்டாவது நூற்றுப்பத்தார். மூன்றாவது லிட்டரார், பணத்தைச் சொல்லாமல் "ஒரு லிட்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பவர்கள். நான்காவது ஃபுல் டேங்கார். பற்றறுத்தவர்கள், இவர்களோடு வாதிட முடியாது.

இவர்களில் தத்துவ ஆழம் உடையவர்கள் நூற்றுப்பத்தாரே. நூறு, இருநூறு, ஐந்நூறு ஆகிய ரவுண்டுத் தொகைகளுக்கு மட்டும் மெஷினில் 'செட்டிங்' செய்து வைத்திருக்கிறார்கள், பத்து ரூபாய் கூட்டிக் கேட்டால் மெஷின் குழம்பி உண்மையைக் கக்கிவிடும் என்பது இவர்களின் மூலக் கொள்கை (வாய்மொழி மரபு, டீக்கடை, மாலை). ஏமாற்றும் அறிவுள்ள மெஷினுக்கு நூற்றுப்பத்து என்ற எண் தெரியாமல் போனது எப்படி என்று நூற்றார் கேட்பதுண்டு. "அதெல்லாம் அப்படித்தான்" என்பது நூற்றுப்பத்தார் தரும் விடை (மேற்படி டீக்கடை, இரண்டாவது டீ). தருக்க நூலில் இத்தகைய விடைக்குத் தனிப்பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் நம் துறைத்தலைவர் ஒருவரின் பெயரை வைக்கலாம்.

சமயம் பெருகினால் பிளவும் வரும். எல்லோரும் நூற்றுப்பத்து கேட்கத் தொடங்கியதால் நூற்றுப்பத்துக்கும் செட்டிங் வந்துவிட்டது என்று ஒரு சாரார் பிரிந்து நூற்றிருபதுக்குப் போனார்கள். நூற்றிருபதும் ரவுண்டுதான் என்று கண்டித்துக் கிளம்பிய தீவிரப் பிரிவினர் நூற்றுப்பதினேழில் நிற்கிறார்கள். காசு கொடுத்த காலத்தில் இப்பிரிவு தழைத்திருக்க முடியாது, மூன்று ரூபாய் சில்லறைக்கு யார் நிற்பது? ஜிபே வந்தபிறகே இது பரவியது. இன்று அவர்களின் கொள்கையைக் கம்பத்தில் கட்டிய பெட்டி ஊருக்கே கேட்கும்படி அறிவிக்கிறது.

பிளவுகளுக்கான மூல ஆவணம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்துள்ளது (மைத்துனரின் நண்பருடைய அண்ணன், வாட்ஸப் குரல்பதிவு, பலமுறை முன்னனுப்பப்பட்டது, காலம் தெரியவில்லை, பின்னணியில் மிக்ஸி ஓடுவதால் மூலம் சிதைந்துள்ளது. "உள்ளே சிப் வச்சிருக்கான்" என்பது ஒரு பாடம். "உள்ளே சீட் வச்சிருக்கான்" என்பது வேறு பாடம். இரண்டாவதே பழைய பாடம் என்று மைத்துனர் கொள்வர், அது பொருந்தாது என்று அக்காள் மறுப்பர், அக்காள் கூற்றே வீட்டில் செல்லும்).

அதிகாலைக் கிளைச்சமயத்தையும் சொல்ல வேண்டும். குளிர்ந்த வேளையில் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும், ஆகவே விடியற்காலை போட்டால் அதிகம் கிடைக்கும் என்பார்கள் இவர்கள். அறிவியல் முழுக்க இவர்கள் பக்கம், பூமிதான் ஒத்துழைக்கவில்லை. பெட்ரோல் நிலத்தடித் தொட்டியில் கிடக்கிறது. அங்கே காலைக்கும் மாலைக்கும் வெப்பம் பெரிதாக மாறுவதில்லை.

இனி, சடங்குகள். பணியாளர் "ஜீரோ பாத்துக்கங்கண்ணா" என்கிறார். வாடிக்கையாளர் பார்க்கிறார். அக்கணமே அவருக்கு ஒரு சங்கடம் நேர்கிறது: கண் இரண்டு, பார்க்க வேண்டியவை மூன்று. மீட்டர், டேங்க்கின் வாயில் செருகிய நாசில், பணியாளரின் விரல். மீட்டரைப் பார்த்தால் விரல் தப்பிக்கிறது, விரலைப் பார்த்தால் மீட்டர் ஓடிவிடுகிறது. தேர்ந்தவர்கள் மனைவியைப் பின்சீட்டிலிருந்து இறக்கி மீட்டரின் முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். ஊற்றி முடிந்ததும் "தட்டி ஊத்துப்பா" என்ற மந்திரம். பணியாளர் குழாயை உயர்த்தி இரண்டு தட்டு தட்டுகிறார். மூன்று சொட்டு விழுகிறது. பிறகு வாடிக்கையாளர் டேங்க்குக்குள் எட்டிப் பார்க்கிறார். இருட்டைத் தவிர உள்ளே எதுவும் தெரியாது. இருந்தாலும் தலையை ஆட்டிக்கொண்டு மூடுகிறார். அந்தத் தலையாட்டலின் பொருள் குறித்து மட்டும் ஒரு முனைவர் பட்டம் வழங்கலாம். இதைவிடச் சிறிய பொருளுக்கெல்லாம் வழங்கியிருக்கிறார்கள்.

(டேங்க்குக்குள் பார்க்கும் மரபு ரிசர்வ் காலத்து எச்சம் என்று காற்றடிக்கும் தம்பி கருதுகிறார்: பார்க்க, அவருடைய "முன்னாடி 25, பின்னாடி 30" என்ற ஒருவரி நூல், பங்க்கின் தென்மேற்கு மூலை, சுவரில் சாக்பீஸ் எழுத்து, மழைக்கு முந்தைய பதிப்பு. பிற்பதிப்பில் பின்சக்கரத்தைக் காணவில்லை.)

இயல் 3: கப்பல்

கடலில் கப்பலுக்குக் கப்பல் குழாய் போட்டு எண்ணெய் ஊற்றுகிறார்கள். தட்டி ஊற்றுகிறார்களா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு இந்த ஆய்வுக்கு நிதி கிடைக்கவில்லை.

இயல் 4: பந்தயக் கார்

ஃபார்முலா 1 பந்தயத்தின் நடுவே பெட்ரோல் போடுவது 2010 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. கோவை நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டியபோது நடுவில் நிறுத்திப் போட்டுக்கொள்ள முடிந்தது. 2011இல் அவர் திரும்பி வந்தபோது வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வர வேண்டியதாயிற்று. தடைக்கு முன், 2008 சிங்கப்பூர் பந்தயத்தில் ஃபிலிப்பே மாஸா குழாய் செருகியிருக்கும்போதே காரைக் கிளப்பி, அதை வாலாக இழுத்துக்கொண்டு போனார். நம் ஊரில் இது நடக்கவே நடக்காது. தட்டி ஊற்றாமல் எவர் கிளம்புவார்?

இயல் 5: வானம்

விமானத்துக்குப் பெரும்பாலும் இறக்கையில்தான் எரிபொருள். ஊற்றும் லாரிக்காரர் லிட்டரில் கணக்கு வைப்பார். விமானிக்குக் கிலோவில் வேண்டும். நடுவே ஒரு பெருக்கல். இந்தப் பெருக்கலில்தான் இத்துறையின் மகத்தான ஆவணம் பிறந்தது.

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம், புத்தம்புது போயிங் 767. கனடா பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். விமானத்தின் எரிபொருள் மீட்டர் வேலை செய்யவில்லை என்பதால், தொட்டியில் கோல் விட்டு அளந்து, வந்த லிட்டரை 1.77 ஆல் பெருக்கினார்கள். லிட்டருக்கு 1.77 என்பது பவுண்டுக் கணக்கு, கிலோவுக்கு 0.8தான். 22,300 கிலோ வேண்டிய இடத்தில் அதில் பாதிகூட இல்லாமல் கிளம்பிப் போய், 41,000 அடி உயரத்தில் வறண்டுபோனது. எஞ்சின் இரண்டும் நின்றன. தலைமை விமானி ராபர்ட் பியர்சனுக்குக் கிளைடர் ஓட்டிய பழக்கம் இருந்ததால், கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கிக்கொண்டுவந்து இறக்கிவிட்டார். ஓடுபாதையில் அன்று கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. இருந்தும் உயிர்ச்சேதம் இல்லை.

நூற்றுப்பத்தார் இதைத் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. 22,300 என்று ரவுண்டாகக் கேட்டதால் வந்த வினை என்கிறார்கள் (மேற்படி டீக்கடை, மூன்றாவது டீ, கடன்).

பறக்கும்போதே ஊற்றிக்கொள்வது இன்னொரு வகை. 1923 ஜூன் 27 அன்று சான் டியேகோவின் மேல் அமெரிக்கப் படையின் இரு விமானங்கள், ஒன்றிலிருந்து குழாயைத் தொங்கவிட மற்றதில் இருந்தவர் கையால் பிடித்துச் செருக, இதை முதன்முதலில் செய்து காட்டின. ஜீரோ காட்டியதாகக் குறிப்பில்லை. 1982 ஃபாக்லாந்துப் போரின்போது அசென்ஷன் தீவிலிருந்து சுமார் 6,000 கிலோமீட்டர் தள்ளிப் போய், ஃபாக்லாந்து ஓடுபாதையைக் குறிவைத்துப் பிரிட்டனின் ஒரே ஒரு வல்கன் விமானம் குண்டு போட்டது. அதற்கு ஊற்ற விக்டர் விமானங்கள் பதினொன்று. வல்கனுக்கு ஊற்றும் விக்டருக்கு ஊற்ற ஒரு விக்டர், அந்த விக்டருக்கு ஊற்ற இன்னொன்று. பந்தியில் பரிமாறுகிறவர்கள் முதலில் தாங்கள் சாப்பிட்டுக்கொள்ளும் கல்யாண வீடு மாதிரி. 21 குண்டுகள் விழுந்தன. ஓடுபாதையில் பட்டது ஒன்று.

இயல் 6: மனிதர்

மனிதருக்கும் இயந்திரத்துக்கும் ஒரே இடத்தில் ஊற்றும் முறைக்குச் சான்று நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நீராவி எஞ்சின் ஹில்குரோவில் நின்று தண்ணீர் குடிக்கும். பயணிகள் இறங்கி டீ குடிப்பார்கள். குரங்குகள் பயணிகளின் பஜ்ஜியைத் தின்னும். அளவைப் பற்றிய புகார் எஞ்சினிடம் இல்லை, குரங்கிடமும் இல்லை.

நெடுஞ்சாலை மோட்டல் இதற்கு நேரெதிர். இரவு ஒரு மணிக்கு "வண்டி பத்து நிமிஷம் நிக்கும்" என்ற குரல் கேட்கிறது. காதைக் கிழிக்கும் பாட்டு, கையைச் சுடாத டீ, விலை கேட்டால் தூக்கம் போய்விடும். டிரைவரும் கண்டக்டரும் உள்ளறையில் இலவசமாகச் சாப்பிடுகிறார்கள். யாருக்காக வண்டி நின்றது என்று ஆய வேண்டிய தேவையே இல்லை.

வாழை இலைதான் சிக்கல். இங்கே மீட்டர் கிடையாது. "போதும்" என்று ஒருமுறை சொன்னால் ஒரு கரண்டி சாதம் விழும். இரண்டு தடவை சொன்னால் அரைக் கரண்டி. இலையின்மேல் கையை விரித்தால் விரலிடுக்கில் சாம்பார் வரும். விருந்தாளியின் குரல் உண்மை, பரிமாறுகிறவரின் காது பொய் என்றோ, அதற்கு மறுதலையாகவோ கொள்ளலாம்.

இவ்வியலின் உட்பிரிவாகக் கருத்தரங்க மதிய உணவு. பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் பதிவுக் கட்டணம் கட்டியவர்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம், ஒரு சான்றிதழ், ஒரு சாப்பாட்டு டோக்கன். டோக்கன் மட்டும் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. பன்னிரண்டரைக்கு அரங்கு காலி. சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வில் இருப்பவர்கள் அமர்வுத் தலைவர், கட்டுரை வாசிப்பவர், அடுத்து வாசிக்க இருப்பவர். மூவரில் ஒருவர் விழித்திருப்பார். அவர் வாசிப்பவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பன்னாடு என்பதற்கு ஆதாரம் கேட்டபோது, யாழ்ப்பாணத்திலிருந்து மின்னஞ்சலில் வந்த ஒரு கட்டுரையையும் பந்தியில் வைத்த ரஷ்யன் சாலட்டையும் காட்டினார்கள்.

கண்டடைந்தவை

பங்க்குகளில் 5 லிட்டர் அளவைக் கலம் ஒன்று முத்திரையோடு வைத்திருக்க வேண்டும். கேட்டால் மெஷினிலிருந்து அதில் பிடித்துக் காட்ட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை கூடலாம், குறையலாம். அதற்குமேல் குறைந்தால் எடையளவுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கலாம்.

நூற்றாரோ நூற்றுப்பத்தாரோ நூற்றுப்பதினேழாரோ இந்தக் கலத்தைக் கேட்டு நான் கண்டதில்லை. கேட்டால் ஒரு நிமிடத்தில் வழக்கு தீர்ந்து நான்கு சமயமும் கலைந்துவிடும், நம் துறையிலும் இடங்கள் காலியாகும் என்ற அச்சம் காரணமாகலாம். வாசகர்களுக்கு அப்படியொரு நெருக்கடி இல்லை. அடுத்தமுறை சந்தேகம் வந்தால், பத்து ரூபாய் கூட்டிச் சொல்லாதீர்கள். அந்தக் கலத்தைக் கேளுங்கள்.