தண்ணீர் புகாத ஷூ

தண்ணீரைப் பார்க்கக் காசு கொடுத்துப் போகும் காலம் வரும் என்று எழுபதுகளில் ஆம்பூரில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். பாலாறு அப்போதும் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான். ஆனாலும் காணும் பொங்கலன்று அண்டாவும் பாயுமாகத் தெருவே அங்கே இறங்கிவிடும். முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். கலங்கல் தெளியும்வரை பொறுக்காமல் கொட்டாங்கச்சியில் மொண்டு குடித்துவிட்டு, பல்லிடுக்கில் மணல் நறநறக்கக் கபடி ஆடி, ஆடிய அலுப்பில் துண்டை விரித்து அங்கேயே தூங்கிப்போனதற்கு மறுநாள் வீட்டில் முதுகு பழுக்கும். அதே குற்றத்தைச் செய்ய இன்று ஏலகிரி மலையில் கூடாரம் வாடகைக்குக் கிடைக்கிறது, முன்பணம்கூட வாங்கிக்கொள்கிறார்கள்.

1967இல் தொடங்கிய அமிர்தி வன உயிரியல் பூங்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள். அங்குள்ள ஆற்றோரமாகவே அருவிவரை ஏறினோம். உலகத்துக்கே தோல் அனுப்பிய ஊர்ப் பிள்ளைகள், காலில் வார் அறுந்து ஊக்கு குத்திய ஹவாய் செருப்பு!

பிறகு தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஒதுங்கி, குரோமியம் வந்தது. ஷூ கம்பெனிகள் வந்தன. வீட்டுக்கு வீடு சம்பளமும் வந்தது, எங்கள் வீட்டுக்கும்தான். ஊற்று நீர் மட்டும் வாயில் வைக்க முடியாமல் போயிற்று. 1996இல் உச்ச நீதிமன்றமே தோல் கழிவைப் பற்றித் தீர்ப்பு எழுதியது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, காணாமல் போன தாய்மாமன் திரும்பியதுபோல் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டோம்.

போன மாதம் பேரனோடு ஏலகிரி. பாரி, ஓரி, காரி என்று வள்ளல்கள் பெயர் வைத்த கொண்டை ஊசித் திருப்பங்களைத் தாண்டிப் போய், புங்கனூர் ஏரியில் சீட்டு வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டி மிதிபடகு மிதித்தோம். மறுநாள் சுவாமிமலை உச்சிக்கு ஏற அவன் ஆம்பூர் பைபாஸ் கடையில் வாங்கிய, ஏற்றுமதியில் கழித்துவிட்ட மலையேற்ற ஷூவை மாட்டினான்.

“ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே போகாது தாத்தா!”

பாலாற்றங்கரையில் தைத்ததாயிற்றே, தண்ணீரை அண்டவிடாமல் இருக்க அதற்குச் சொல்லியா தரவேண்டும்?