வயித்த ஊதுற குதிரை

வாப்பா பேராண்டி, திண்ணையில உக்காரு. கூட்டாளிக நாலு பேரு சேந்து குதிரை புடிச்சு மலையேறப் போறீகளாமே? கும்பக்கரையில ஏறி வெள்ளகெவி, அங்கிட்டு இருந்து வட்டக்கானல், பெறகு கொடைக்கானல். நடுவுல ஒரு ராத்திரி கூடாரம். நல்ல ரோசனைதான். பெரியகுளத்துல இருந்து கொடைக்கானலுக்கு பஸ் விடுறாக, அது தெரியுமா ஒனக்கு?

கோவிச்சுக்காத. நாப்பது வருசம் இதே பாதையில பொதிக்குதிரை ஓட்டுன வாயி. கொஞ்சம் கோணலாத்தான் பேசும்.

வெள்ளகெவிக்கு ரொம்ப காலமா ரோடே இல்லாம இருந்துச்சு. ஒசக்க போறப்ப அரிசி, பருப்பு, சீமெண்ணெய் ஏத்துவோம். எறங்குறப்ப காப்பிக்கொட்டை, ஆரஞ்சு, எலுமிச்சை. குதிரை போகாட்டி அங்க அடுப்பெரியாது. அதுக்கு நாங்க பொழப்புன்னு பேரு வச்சோம். நீங்க 'அட்வெஞ்சர்'னு வச்சிருக்கீக. எங்களுக்குக் கூலி குடுத்தாக. நீங்க கையில இருந்து குடுக்குறீக. தலைக்கு எம்புட்டு? வேணாம், சொல்லாத. ராத்திரி ஒறக்கம் வராது.

1845ல அமெரிக்க மிஷனரிமாருக கொடைக்கானல்ல மொத மொத ரெண்டு பங்களா கட்டுனாக. அப்ப ஏது மோட்டாரு, ஏது காட்ரோடு? பெரியகுளத்துப் பக்கமிருந்து 7,000 அடி ஒசரத்துக்கு இந்த மாதிரி ஒத்தையடிப் பாதையிலதான் ஏறுனது. தொரைமாரு குதிரை மேல, தொரைசானிமாரு நாற்காலியில. நாற்காலியத் தூக்குனது யாருங்கிற? நம்மாளுகதான். தொரைமாரு பாவம், காய்ச்சலுக்குப் பயந்து ஏறுனாக. நீங்க எதுக்குப் பயந்து ஏறுறீக? ஆபீசுக்கா?

போன தை மாசம் ஒன்ன மாதிரியே நாலு பேரு வந்தாய்ங்க. இயற்கையோட ஒண்ணாக் கலந்து எளிமையா இருக்கப் போறோம் தாத்தான்னாய்ங்க. சந்தோசம், சாமானைக் காட்டுங்கன்னேன். எறக்குறாய்ங்க, எறக்குறாய்ங்க, வண்டி டிக்கி காலியாகவே மாட்டேங்குது. மடக்கு மேசை ஒண்ணு. மடக்கு நாற்காலி நாலு. காப்பிக்கொட்டை அரைக்கிற மிசினு. பாட்டுப் பொட்டி. மெத்தைக்குக் காத்தடிக்கிற பம்பு. அப்புறம் ஒரு சாக்கு. என்னப்பான்னு பிரிச்சுப் பாத்தா, கரி! காட்டுக்குள்ள போறதுக்குக் கடையில கரி வாங்கிட்டு வந்திருக்கான். கொல்லன் தெருவுல ஊசி விக்கிறவன் கூட இவனப் பாத்தா ஒதுங்கி நிப்பான்.

எளிமையா இருக்குறதுக்கே இம்புட்டுச் சாமான்னா, நீங்க வசதியா இருக்க நெனச்சா மலையே தாங்காதேடான்னேன். ஒருத்தன் மட்டும் சிரிச்சான். மத்தவனெல்லாம் போனைத் தடவிக்கிட்டு நிக்கிறாய்ங்க.

குதிரைக்கு எம்புட்டு ஏத்தலாம்னு ஒனக்குத் தெரியுமா? 1965லயே சர்க்காரு விதி போட்டுருக்கு. மட்டக்குதிரைக்கு 70 கிலோ. கழுதைக்கு 50. கோவேறு கழுதைக்கு 200. அதுவும் ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கப்படாது. சேந்தாப்புல அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஓட்டப்படாது, நடுவுல ஓய்வு விடணும். இதைச் சொன்னதும் அதுல ஒருத்தன் வாயப் பொளந்துட்டான். கம்ப்யூட்டரு கம்பெனியில வேலையாம். "எங்களுக்கு இந்த மாதிரி விதியெல்லாம் இல்லையே தாத்தா"ங்கிறான். அவன் மொகத்தப் பாத்தா எனக்கே பாவமாப் போச்சு. செவலைக்கு வச்சிருந்த வெல்லக்கட்டியில ஒண்ண எடுத்து அவனுக்குக் குடுத்தேன்.

செவலைங்கிறது என் குதிரை. அவளை வித்தை காட்டிப் பழக்கல, ஆனா அவளுக்கு ஒரு வித்தை தெரியும். பொதி ஏத்தி வயித்து வாரை இறுக்குறப்போ மூச்சை இழுத்து வயித்த ஊதிக்கிட்டு நிப்பா. ஒனக்கு நல்லா இறுகுன மாதிரி இருக்கும். நாலு எட்டு நடந்ததும் மூச்ச விட்டுருவா. வார் தொங்கும். அதனால கொஞ்ச தூரம் நடக்க விட்டு, நிறுத்தி, மறுக்கா இறுக்கணும். இதை எங்கப்பன் சொல்லல, செவலையோட ஆத்தா எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. முட்டியப் பேத்துத்தான் சொல்லிக் குடுத்துச்சு.

இவுகள்ல ஒருத்தன் யூடியூப்ல முடிச்சுப் போடப் படிச்சிருக்கானாம். நான் கட்டுறேன் தாத்தா, நீங்க தள்ளுங்கன்னான். தள்ளிட்டேன். எனக்கென்ன? ஒரு பக்கம் மேசையும் நாற்காலியும். மறுபக்கம் பஞ்சாட்டம் படுக்கைப் பை. ஏப்பா, பொதின்னா ரெண்டு பக்கமும் நிறுத்துக் கட்டணும்ல? ஒரு பக்கம் எளச்சா நாங்க ஒரு கல்லத் தூக்கிச் சொருகுவோம். சாயுற பொதி குதிரை முதுகத் தின்னுரும். புண்ணு ஆற மாசக்கணக்காகும். சொன்னேன். "ஓக்கே தாத்தா"ன்னான். ஓக்கேன்னா கேட்டுக்கிட்டேன்னு அர்த்தமா, வாய மூடுன்னு அர்த்தமா? இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

மொத ஓடையைத் தாண்டல. செவலை மூச்ச விட்டா. பொதி அப்படியே சுத்தி வயித்துக்கு அடியில போயிருச்சு. மேசை ஒரு பக்கம், கரி ஒரு பக்கம். பாட்டுப் பொட்டி தண்ணிக்குள்ள கெடந்து பாடுது. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாத பொட்டியாம். அதை எடுத்துப் பாட்டை நிப்பாட்டக் கால்மணி நேரம் ஆச்சு. செவலை அசையாம நின்னா, அதுதான் நம்ம அதிர்ஷ்டம். வேற குதிரையா இருந்தா மெரண்டு பள்ளத்துல பாஞ்சிருக்கும்.

வெள்ளகெவி போய்ச் சேந்தப்போ இன்னொரு கூத்து. அந்த ஊருக்குள்ள யாரும் செருப்புப் போட மாட்டாக. ஊரே அவுகளுக்குக் கோயிலு மாதிரி. நம்ம பயலுக கால்ல ஆளுக்கு எட்டாயிரம் ரூவா பூட்ஸு. மலையேறுறதுக்குன்னே வாங்குனதாம். கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு, முள்ளு மிதிச்ச கோழியாட்டம் நடந்து போறாய்ங்க. எதுக்க தலையில வெறகோட வந்த அப்பத்தா ஒதுங்கி வழி விட்டுச்சு.

ராத்திரி ஒரு காப்பித் தோட்டத்துக் களத்துல தங்குனோம், தோட்டக்காரரைக் கேட்டுத்தான். பாரஸ்டு எடத்துல கேக்காம கூடாரம் போட முடியாது, அதை மனசுல வையி. செவலைக்குத் தண்ணி காட்டி, புல்லு போட்டு, பெறகுதான் நாங்க சாப்புட்டோம். அதுக்குள்ள ஒருத்தன் பாசம் பொங்கி அவளுக்கு ஒரு பாக்கெட்டு ரொட்டியப் பிரிக்கிறான். வெடுக்குனு புடுங்கிட்டேன். குதிரைக்கு வாந்தி எடுக்க வராதுப்பா. ஆகாதது உள்ள போனா வயித்து வலியிலயே உருண்டு செத்துப்போகும். பாசத்தைக் கழுத்துல தடவிக் காட்டு, போதும்.

நடுச்சாமத்துல அவ ரெண்டு காதையும் ஒரே பக்கம் வெறைச்சுக்கிட்டு மூக்கால புர்ருங்குறா. ஒருத்தன் டார்ச்சடிச்சுப் பாத்துட்டு "ஒண்ணுமில்ல தாத்தா"ங்கிறான். நான் செவலை சொன்னதைத்தான் நம்புனேன். எல்லாரையும் கொட்டகைக்குள்ள இழுத்து உக்கார வச்சேன். கொஞ்ச நேரத்துல காட்டுமாடு ரெண்டு, மடக்கு நாற்காலிய மோந்து பாத்துட்டுப் போச்சு. உக்காரல.

தீ விசயத்துல மட்டும் கெழவன் வெளையாட மாட்டேன். 2018 மார்ச் 11ந்தேதி இந்தா இருக்கிற குரங்கணிக் காட்டுல, மலையேறப் போன பிள்ளைக 20 பேருக்கு மேல தீயில போயிருச்சு. காஞ்ச புல்லு, மேலடிக்கிற காத்து, ஓடுறதுக்கு எடமில்ல. அன்னிக்கு அழுத பெத்தவுக மொகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. அதனால கோடையில போகாத. தீ மூட்டாத. பாரஸ்டு ஆபீசுல சீட்டு வாங்காம காலெடுத்து வைக்காத. 2024ல சர்க்காரே 40 பாதையத் தெறந்து, கூட ஆளும் அனுப்புது. அதுல ஒண்ணுல போனாக் கௌரவம் கொறஞ்சு போகுமா?

இல்ல, குதிரையோடதான் போவேன்னு நின்னா, நாளைக்கு வெள்ளனா மூட்டையத் தூக்கிட்டு இங்க வா. தராசு அந்தா உத்தரத்துல தொங்குது. 70 கிலோ வரைக்கும் செவலை சொமப்பா. மிச்சம் ஒன் தலையில.