ஆடா, புலியா, புளியங்கொட்டையா? ஜவ்வாது மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஜவ்வாது மலையில் ஆராய்ச்சி என்றால் எல்லாரும் காவலூரைத்தான் சொல்வார்கள். 1986-இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. நம் ஆய்வுக்கு அவ்வளவு பெரிய கருவி வேண்டாம், ஒரு கரித்துண்டு போதும். பாறையில் முக்கோணம் போட்டுக் குறுக்குக் கோடுகள் இழுத்தால் 23 புள்ளிகள். 3 புலி, 15 ஆடு: ஆடுபுலி ஆட்டம் தயார். மலையில் இன்று புலி இல்லாததால் கூழாங்கல்லே புலியாகப் பொறுப்பேற்கிறது.

ஆய்வுக் கேள்வி: இம்மலையின் ஜமுனாமரத்தூர்த் திண்ணையில் ஒருவர் ஆடுபுலிக்கு உட்காருவதும், இன்னொருவர் பல்லாங்குழிக்கு உட்காருவதும் எதனால்?

‘அது ஆண்கள் ஆட்டம், இது பெண்கள் ஆட்டம்’ என்பது பழைய விளக்கம். இது சோம்பேறித்தனம். யாருக்குப் பாறையில் உட்கார நேரம் கிடைத்தது என்பதைத் தவிர இது எதையும் நிறுவவில்லை.

நமது கருதுகோள் வேறு. ஆடுபுலியில் வெட்டுப்பட்ட ஆடு திரும்பி வராது. பல்லாங்குழியிலோ 14 குழி, குழிக்கு 5 முத்து என்றால் 70 புளியங்கொட்டை. இன்று போனது நாளைக்கு எதிராளி கையாலேயே நம் குழியில் வந்து விழும். ஒரு குழியில் 14 சேர்ந்துவிட்டால் கடைசி முத்து ஊரெல்லாம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும். ஆகவே, கடன் கொடுத்து மறந்துவிடுகிறவர் பல்லாங்குழிக்காரர். கொடுத்த தேதியை நினைவில் வைத்திருப்பவர் ஆடுபுலிக்காரர்.

ஆடுபுலிக்காரரிலும் இரு சாதி. புதிதாக வருகிற எவரும் புலியைத்தான் கேட்பார். தாண்டலாம், வெட்டலாம், மீசையை முறுக்கலாம். 15 ஆட்டையும் இறக்கி முடிக்கும்வரை ஒன்றைக்கூட நகர்த்த முடியாத ஆட்டுக்காரரோ வாயைத் திறக்கமாட்டார். ஆனால் ஓர் ஆட்டுக்குப் பின்னால் இன்னொன்றைக் காவல் வைத்துக்கொண்டே வந்தால், புலி ஒரு நாள் அசைய வழியின்றி நிற்கும். நிலப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு இவரைத்தான் கூப்பிட வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. (நேபாளத்தில் 4 புலி, 20 ஆடு வைத்து ஆடும் பாக்சாலைக் கணினியில் அலசியவர்கள், இருவரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று கண்டார்கள். திண்ணையில் பிழையின்றி ஆடுபவர் எவருமில்லாததால் இம்முடிவு இங்கே செல்லாது.)

நேர்காணலில் எல்லாரும் தம்மை ஆட்டுக்காரர் என்றே சொல்லிக்கொள்வதால் ஒரு சோதனை தேவைப்படுகிறது. பல்லாங்குழிக்குச் சீதைப் பாண்டி என்று தனியாள் ஆட்டமே உண்டு. அதில் பாரபட்சத்துக்கு வழியில்லை. ஆனால் ஆடுபுலியைத் தனியாக, இரண்டு பக்கமும் நீங்களே ஆடிப் பாருங்கள். புலி மாட்டிக்கொள்ளப் போகும் நேரத்தில், ‘இந்த ஆட்டைச் சும்மா இங்கே வைப்போமே’ என்று கை தானாகப் போகும். யாரும் பார்க்கவில்லைதான்.